கணக்குக் கேள்வி பதில்: அந்த ஒன்று ஏன் குறைகிறது?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், 7, 11, 15… என்ற கூட்டுத் தொடர்வரிசையில் 20-ஆவது உறுப்பு 87 என்று எழுதுகிறான். சூத்திரத்தை ஒப்பித்துவிடுவான், கணக்கில் போடும்போது தப்பிவிடுகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
*வாசகி, தக்கலை*

பதில்: 20-ஐ 4-ஆல் பெருக்கி 7-ஐக் கூட்டியிருக்கிறான். பெருக்கலில் பிழை இல்லை, ஒரு தாவல்தான் (ஒரு முறை 4 கூட்டுவது) கூடிவிட்டது. முதல் உறுப்பு 7 தாவாமலே கையில் இருக்கிறது. இரண்டாவதுக்கு ஒரு தாவல், மூன்றாவதுக்கு இரண்டு. அப்படியானால் 20-ஆவதுக்கு 19 தாவல்: 7 + 19 × 4 = 83. முதல் உறுப்பு + (இட எண் − 1) × வித்தியாசம் என்ற சூத்திரத்தில் இட எண்ணிலிருந்து 1-ஐக் கழிப்பது இதற்காகத்தான். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பதுதான் பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது.

வீட்டில் திருக்குறள் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி, அதிகாரங்களும் 133, ஒவ்வொன்றிலும் 10 குறள். அதிகாரங்களின் முதல் குறள் எண்கள் 1, 11, 21, 31 என்று போகும். 40-ஆவது அதிகாரம் ‘கல்வி’ எந்த எண்ணில் தொடங்கும்? 1 + 39 × 10 = 391. புரட்டினால் அங்கே ‘கற்க கசடற’ இருக்கும். 39-க்குப் பதில் 40-ஆல் பெருக்கினால் 401 வரும். அது அடுத்த அதிகாரமான ‘கல்லாமை’யின் முதல் குறள். பிழை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்வான்.

உறுப்புகளை எண்ணும்போது இதே ஒன்றைக் கூட்ட வேண்டும். 300 அடி நீள விளையில் (தோப்பில்) 25 அடிக்கு ஒரு தென்னம்பிள்ளை என்று ஒரு வரிசை வைத்தால் இடைவெளி 12. இரு முனையிலும் ஒன்று நிற்பதால் பிள்ளைகள் 13. அதேபோல 7 முதல் 83 வரை: (83 − 7) ÷ 4 = 19 தாவல், உறுப்புகள் 20. இந்த உறுப்புகளின் கூடுதல் 20 ÷ 2 × (7 + 83) = 900. உறுப்பு 19 என்று வைத்துவிட்டால் 855 வந்து, அடுத்து வரும் எல்லா வரியும் கெடும். விளையைச் சுற்றி வேலி போடுவது வேறு கணக்கு: வேறொரு சிறு விளையின் சுற்றளவு 300 அடி, 10 அடிக்கு ஒரு கல் என்றால் 30 கல்லே போதும். கடைசி இடைவெளி முதல் கல்லிலேயே வந்து முடிந்துவிடுகிறது.

தேர்வில் சரிபார்க்க ஒரே ஒரு வழி போதும். எழுதிய வாய்பாட்டில் இட எண்ணாக 1-ஐப் போடச் சொல்லுங்கள். 7 வர வேண்டும். 11 வந்தால் உடனே திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘அடுத்த எண் எது?’ என்ற கேள்வியில் நேரம் போய்விடுகிறது. ஏதாவது ஒழுங்கான வழி உண்டா?
*வாசகர், மார்த்தாண்டம்*

பதில்: முதலில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை அடியில் எழுதுங்கள். 2, 6, 12, 20, 30 என்றால் 4, 6, 8, 10. இனி 12 கூட்ட வேண்டும், விடை 42. வித்தியாசத்தில் ஒழுங்கு தெரியவில்லையா, வித்தியாசங்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். எண்கள் விறுவிறுவென்று பெருகினால் வகுத்துப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்றுவிட்டு ஒன்று பிரியுங்கள்: 5, 20, 8, 17, 11, 14 என்பதில் 5, 8, 11 ஒரு வரிசை, 20, 17, 14 இன்னொன்று. அடுத்தது முதல் வரிசையின் 14. இங்கே நேர் வித்தியாசம் எடுத்தால் 15, −12, 9, −6 என்று குழப்பும். குறி மாறி மாறி வருவதே இரண்டு வரிசை கலந்திருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

முதல் மூன்று எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணையுங்கள். 1, 2, 3, 4, 5 புள்ளிகளுக்கு வட்டம் 1, 2, 4, 8, 16 துண்டாகும். ஆறு புள்ளிக்கு 32 என்றுதான் எவரும் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் 31! புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டி 30 ஆகிவிடும். சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஃபிபனாச்சி எண்கள் நம் நாட்டில் முன்பே தெரியுமாமே?
*மாணவி, தோவாளை*

பதில்: ஆம். 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் எண்கள் இவை. இத்தாலியில் பிசா நகரத்து லியனார்டோ (ஃபிபனாச்சி என்பவர் இவரே) 1202-இல் இவற்றை எழுதினார். அதற்கு முன்பே, 1150 வாக்கில், சமண அறிஞர் ஹேமசந்திரர் செய்யுள் கணக்கில் இவற்றைச் சொல்லியிருக்கிறார். இதே கணக்கைச் சொன்ன யாப்பு அறிஞர் விரகாங்கர் அவருக்கும் பல நூற்றாண்டு முந்தியவர்.

தமிழெழுத்தை வைத்தே செய்து பாரம்மா. குறில் 1 மாத்திரை, நெடில் 2. இவற்றால் 4 மாத்திரையை நிரப்ப எத்தனை வழி? நெடில் நெடில், நெடில் குறில் குறில், குறில் நெடில் குறில், குறில் குறில் நெடில், நான்கும் குறில். ஆக 5. கடைசி எழுத்து குறிலானால் அதற்கு முன் 3 மாத்திரை, அதற்கு 3 வழி. நெடிலானால் முன் 2 மாத்திரை, அதற்கு 2 வழி. முந்தைய இரண்டையும் கூட்டுவது இதனால்தான். 5 மாத்திரைக்கு 3 + 5 = 8 வரும்; எட்டையும் நோட்டில் எழுதிப் பார்.