ரிக்ரெஷனில் மாறித் தேர்வு: ஓட்டும்போதெல்லாம் பட்டியல் மாறுவது ஏன்?

கேள்வி: 200 வரிசை, 20 மாறி. ஐந்து வரிசையை நீக்கிவிட்டு ஸ்டெப்வைஸை (மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோ நீக்கியோ தேர்ந்தெடுக்கும் முறை) மறுபடி ஓட்டினால் வேறு மாறிகள் வருகின்றன. கோடில் பிழையா சார்?

பதில்: இல்லை. ஸ்டெப்வைஸ் ஒவ்வொரு படியிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிவெடுக்கும். இரு மாறிகளின் ஏஐசி (பொருத்தத்தையும் மாறிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து மாடலை எடைபோடும் மதிப்பெண்) 0.3 வித்தியாசத்தில் நின்றால், ஐந்து வரிசை போனதுமே முந்தியது பிந்திவிடும். முதல் படி மாறினால் பிறகு வருவதெல்லாம் வேறு பாதைதான். இரு மாடல்களின் கணிப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியல் மாறிய அளவுக்கு அவை மாறியிருக்காது, பெரும்பாலும்.

கேள்வி: நான் டேட்டாவைத் தொடவே இல்லை. லாசோ (மாறிகளின் எடைகளை, அதாவது கெழுக்களை, சுருக்கிச் சிலவற்றைச் சுழியாக்கிவிடும் ரிக்ரெஷன்) தரும் பட்டியல் அப்படியும் மாறுகிறதே?

பதில்: கிராஸ் வேலிடேஷன் (சில பிரிவுகளில் மாடலைப் பொருத்தி, மீதியில் சோதிப்பது) டேட்டாவைக் குலுக்கிப் பிரிக்கிறது, அதனால் லாம்டா (லாசோ எவ்வளவு கடுமையாகச் சுருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) நகர்கிறது. ரேண்டம் சீடை (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்) நிலையாக வைத்தால் ஆட்டம் கண்ணில் படாது, அவ்வளவுதான். 10 பிரிவுச் சோதனையை 50 தடவை ஓட்டி, ஒவ்வொரு லாம்டாவுக்கும் பிழையின் சராசரியை எடுத்தபின் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எந்த மாறியை நம்பலாம் என்பதற்கு ஏதாவது எல்லை உண்டா?

பதில்: புள்ளியியலாளர்கள் மைன்ஸ்ஹவுசனும் ப்யூல்மனும் 2010இல் முன்வைத்த ஸ்டெபிலிட்டி செலக்‌ஷன் இதற்குத்தான். பாதி வரிசைகளை, திரும்ப வைக்காமல், 100 தடவை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் லாசோ பாதையில் (லாம்டாவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும்போது) முதலில் நுழையும் 12 மாறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 90 தடவையாவது வந்தவற்றை வைத்துக்கொள்ளலாம். உதாரணமாக, உங்கள் 20க்குப் பதில் மொத்தம் 200 மாறிகள் என்றால், தவறாக நுழைபவை சராசரியாக 12² ÷ ((2 × 0.9 − 1) × 200) = 144 ÷ (0.8 × 200), அதாவது 0.9ஐத் தாண்டாது. இரைச்சல் மாறிகள் (விளைவோடு தொடர்பில்லாதவை) எல்லாம் ஒரே தன்மையுடையவை, தேர்வு குருட்டு ஊகத்தைவிட மோசமில்லை என்ற அனுமானங்களின் பேரில்தான் இந்தக் கணக்கு. விடுபட்ட மதிப்புகளை நிரப்புவது, அளவீட்டைச் சமன்செய்வது எல்லாம் இந்த 100 சுழற்சிகளில் ஒவ்வொன்றுக்குள்ளேயும் நடக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: 0.9 ஒட்டுறவுள்ள இரு மாறிகள், இரண்டுமே 50 சதவீதம்தான் வருகின்றன. தூக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், வாக்கு பிரிந்திருக்கிறது. 'இரண்டில் ஒன்றாவது' எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள். 95ஐத் தாண்டினால் அந்த ஜோடி தேவை. சமன்செய்து சராசரியாக்குங்கள், அல்லது எலாஸ்டிக் நெட்டுக்குப் (ஒட்டுறவுள்ள மாறிகளைச் சேர்த்தே வைத்துக்கொள்ள முனையும் லாசோ வகை) போங்கள். இரண்டில் எது 'உண்மையானது' என்பதை இந்த டேட்டாவிடம் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: தேர்ந்த மாறிகளுக்கு அதே டேட்டாவில் பி-மதிப்பு (விளைவு தற்செயலாக வந்திருக்குமா என்று சோதிக்கும் எண்) போடலாமா?

பதில்: கூடாது. பெரிதாகத் தெரிந்ததால்தான் அவை தேர்வாயின. கெழுக்கள் வீங்கியிருக்கும், நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) பொய்யாகக் குறுகியிருக்கும். ஒரு பாதியில் தேர்வு, மறுபாதியில் மதிப்பீடு. கணிப்பு மட்டும் போதுமென்றால் தேர்வே வேண்டாம், எல்லா மாறிகளோடும் ரிட்ஜ் (கெழுக்களைச் சுருக்கும், ஆனால் சுழியாக்காத ரிக்ரெஷன்) ஓட்டுங்கள்.