பல்சர் 150-இல் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் (பெட்டி இல்லாத கூம்பு வடிவ ஃபில்டர்) போட்டால் பிக்கப் கூடுமா?

கூடாது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைதான் ஜெட். அதை மாற்றாமல் போட்டால் இருக்கிற பிக்கப்பும் குறையும், இன்ஜினும் கெடும். எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நான் அப்படித்தான் கெடுத்தேன்.

2016 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இழுவை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "பாக்ஸைத் தூக்கிப் போடு, வண்டி பறக்கும்" என்று நண்பர் யாராவது சொல்லியிருப்பார். 2014-இல் எனக்கும் ஒருவர் அதையேதான் சொன்னார்.

அப்பா 1994-இல் வாங்கிய வண்டி அது. 98 சிசி, 11 குதிரைத்திறன். நான் பெட்டியைக் கழற்றிவிட்டு, கோன் ஃபில்டரை கார்புரேட்டர் வாயில் நேராக மாட்டினேன். ஆக்சிலேட்டரை முறுக்கினால் காற்றை உறிஞ்சுகிற சத்தம் தொடைக்குப் பக்கத்தில் கேட்கும். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக எடுத்துக்கொண்டேன். நடு வேகத்தில் வண்டி ஒரு கணம் தொங்கியது. அதைக் கவனித்தும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போனேன். குடிமங்கலம் நால்ரோடு தாண்டிக் காற்றாலைகள் நிற்கிற நேர் ரோட்டில், எண்பத்தைந்து தொண்ணூறில் ஒரே முறுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் திடீரென்று மெலிந்தது. மறுநொடி பின்சக்கரம் கிரீச்சென்று லாக். கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபடி என்னை ஒட்டிக் கடந்தது. ஓரமாக நிறுத்திய பிறகும் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

டெம்போவில் ஏற்றி மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். முதலில் பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முனை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அப்புறம் பிளாக்கைத் தூக்கினார். பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசல். அலுமினியம் இளகி இழுபட்டு, ரிங்கை அதன் காடிக்குள்ளேயே ஒட்ட வைத்திருந்தது. அவர் திட்டவில்லை. "காத்து மட்டும் போதுங்களா தம்பி? அதுக்குத் தக்கன பெட்ரோல் வேண்டாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் அவ்வளவுதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்டியும் அதன் மூக்குக்குழாயும் காற்றை எவ்வளவு தடுக்கும் என்று பார்த்துத்தான் கம்பெனியில் ஜெட்டின் அளவை வைக்கிறார்கள். அந்தத் தடையை எடுத்துவிட்டால் காற்று கூடும், பெட்ரோல் அதே அளவில் கூடாது. கலவை லீன் ஆகி, அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இல்லாமல், சூடு ஏறும். ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வருகிற அந்தக் கலவைதான் பிஸ்டனைக் குளிர்விக்கவும் வேண்டும். போதாததற்கு, கோன் ஃபில்டர் இழுப்பது இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றை. பத்து டிகிரி சூடு கூடினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், இழுவையும் அதோடு குறையும்.

லேத் பட்டறையில் ரீபோர் போட்டு, அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். கம்பெனியிலிருந்து வந்த 50 மில்லிமீட்டர் போர் அதோடு போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பணத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார். இருபது வருடம் தன் கையாலேயே கழுவித் துடைத்த வண்டி அவருக்கு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. பழைய பெட்டியை மறுபடி மாட்டும்போது அண்ணன் திறந்து காட்டினார். ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஜாயின்ட்டில் வெடிப்பு. புது ஸ்பாஞ்சை 2டி ஆயிலில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) நனைத்துப் பிழிந்து போட்டு, ரப்பரையும் மாற்றினோம். நான் தேடிய பிக்கப் அதிலேயே வந்துவிட்டது.

ட்யூனிங் தெரிந்தவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். மெயின் ஜெட் ஏற்றி, நீடிலைச் சரிசெய்து, பிளக் நிறம் பார்த்துப் பார்த்து ட்யூன் செய்தால் பலன் உண்டு என்பது எனக்கும் தெரியும். கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் ஓட்டுகிறவர்களைச் சொல்கிறீர்களா? அவர்கள் இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறவர்கள். நாம் வேலைக்குப் போய்வர ஓட்டுகிறோம்.

அதுவும் எங்கள் பக்கத்து ரோட்டில்! எம்சாண்ட் லாரிகள் தார்ப்பாய் போடாமல் போகின்றன. பின்னால் போகிறவன் கண்ணில், வாயில், சட்டைக் காலரில் எல்லாம் மணல். போன மாதம் என் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது அவள் கண்ணில் விழுந்து, டாக்டரிடம் போய்த்தான் எடுத்தோம். ஹெல்மெட் போடாதவனை நிறுத்துகிறார்கள், சரிதான், நிறுத்தட்டும். தார்ப்பாய் இல்லாத லாரியையும் நிறுத்தினால் என்ன? சல்லடை சரியில்லாத ஃபில்டர் வழியாக அந்தத் தூள் உள்ளே போனால் ரிங்கும் போரும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேயும்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். 2016 என்றால் கார்புரேட்டர் வண்டி. ஃபில்டரை மாற்றுங்கள், ரப்பர் ஜாயின்ட்டை விரலால் மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டரின் மேல்மூடிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசித்துளை இருந்தாலே இழுவை போய்விடும். பிறகு டேப்பெட் (வால்வு இடைவெளி), கிளட்ச் பிளேட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள், காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையா கறுப்பா என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை அந்தப் பெட்டியைக் கழற்ற வேண்டாம்.