கோபியிலிருந்து பழவேற்காடு போகிறோம், மீனவர்களுக்குத் தொந்தரவு தராமல் ஏரியைப் பார்ப்பது எப்படி?

முதலில் படகை மறந்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்; அதன்பிறகு உல்லாசச் சவாரிக்குத் தடை. "ரகசியமாக் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது வருவார்கள், போகாதீர்கள். ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். மோட்டார் விசிறி சேற்றைக் கலக்கும், கட்டியிருக்கும் வலையைக் கிழிக்கும், பூநாரைகளையும் கிளப்பிவிடும்.

அந்த வலை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். அந்த ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். நம் கீழ்பவானிப் பாசன வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அதே மாதிரி. நல்ல மீன்பாடுள்ள இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவரின் முறைநாளில் உங்களால் வலை கலைந்தால், அடுத்த முறை வரும்வரை அவருக்கு அந்த இடம் கிடையாது. இருளர் பெண்கள் பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஈரோட்டில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, பிறகு பஸ். பறவைக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. 20 பேர் என்றால் சாப்பாட்டை உள்ளூரிலேயே முன்கூட்டிச் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குக் கிடைத்த மீன்தான், வஞ்சிரம் கேட்டு அடம்பிடிக்கக் கூடாது. பனையோலைக் கூடைகளைப் பின்னும் பெண்களிடமே நேரில் வாங்குங்கள்.