கேளுங்கள் மாஸ்டர்: நின்ற உலை ஏன் வெடித்தது?

புல்மோட்டை மணலில் அணு உலைக்கு வேண்டிய சாமான் இருக்கிறது என்று எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். மெய்யோ மாஸ்டர்?
– வாசகர், கொக்கிளாய்

பாதி மெய். அந்த மணலில் இல்மனைற்றும் உரூட்டைலும் இருப்பதுபோல சிர்க்கனும் இருக்கிறது. பழுதான ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தை அந்த மணலுக்குள் விட்டு உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். கறுப்புத் துணிக்கைகள் வந்து மொய்க்கும், சிர்க்கன் அசையாது. அதிலிருந்து எடுக்கும் சிர்க்கோனியத்தின் கலப்புலோகத்தில்தான் யுரேனிய வில்லைகளை அடுக்கும் குழாயைச் செய்கிறார்கள். அணுப்பிளவைத் தொடர்ந்து நடத்தும் துணிக்கையான நியூத்திரனை அவ்வளவாக விழுங்காது என்பதுதான் அதன் சிறப்பு. ஆனால் சிர்க்கனுக்குள் ஆபினியம் என்ற இன்னொரு உலோகமும் சேர்ந்தே வரும். அது நியூத்திரனை ஏறத்தாழ 600 மடங்கு கூடுதலாக விழுங்கும். இரண்டும் இரசாயன இயல்பில் மிக நெருக்கம் என்பதால் பிரித்தெடுக்கப் பெரும்பாடு படவேண்டும். உலகில் எடுக்கும் சிர்க்கனில் பெரும்பங்கு தரை ஓடு, பீங்கான் வேலைகளுக்குத்தான் போகிறது. உங்கள் தேநீர்க்கடை நண்பரின் வீட்டுக் குளியலறையிலும் கொஞ்சம் இருக்கக்கூடும்.

2011 இல் யப்பானில் பூமி அதிர்ந்த உடனேயே உலைகள் நின்றுவிட்டன என்கிறார்கள். நின்ற உலை எப்படி வெடித்தது? அணுகுண்டு மாதிரியா?
– வாசகி, முள்ளியவளை

அணுகுண்டு மாதிரி இல்லை, பிள்ளை. வெடித்தது ஐதரசன் வாயு.

உலை நின்றாலும் சூடு நிற்காது. பிளவுபட்ட அணுக்களின் மிச்சங்கள் தொடர்ந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வலுவின் 6, 7 வீதம் வரை இருக்கும். ஒரு நாள் கழித்தும் அரை வீதமளவு. பெரிய உலையில் அரை வீதமே பெரும் சூடு. புகுசிமாவில் கடல் உள்ளே வந்து டீசல் இயந்திரங்களை முடக்க, தண்ணீரை ஓட்ட மின்சாரம் இல்லை. உள்ளே இருந்த நீர் கொதித்து வற்ற, யுரேனிய வில்லைகள் அடுக்கிய சிர்க்கோனியக் குழாய்கள் நீருக்கு வெளியே தெரிந்தன.

இங்கேதான் அந்த உலோகத்தின் மறுமுகம். சூடேறிய சிர்க்கோனியம் கொதிநீராவியில் உள்ள ஒட்சிசனைப் பறித்துத் தானே ஒட்சைட்டு ஆகும், ஐதரசனைத் துரத்திவிடும். அதோடு வெப்பத்தையும் கக்கும். 1200 பாகையை நெருங்கினால் தாக்கம் தன் சூட்டாலேயே வேகமெடுக்கும். அந்த ஐதரசன் கூரைக்குக் கீழே சேர்ந்து, மார்ச் 12 இல் முதலாம் உலைக் கட்டடமும் 14 இல் மூன்றாவதும் வெடித்தன. 15 இல் வெடித்த நாலாம் உலைக்குள் எரிபொருளே இருக்கவில்லை! மூன்றாவதின் வாயு பொதுக் குழாய் வழியாக அங்கே வந்திருந்தது.

பிந்தித் தண்ணீர் விட்டாலும் ஆபத்துத்தான். அடுப்பில் காய்ந்த மண்சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் என்ன நடக்கும்? ஒட்சிசன் ஏறி நொறுங்கும் பதத்துக்கு வந்த குழாய்க்கும் அதுவேதான். அதனால்தான் 1970களில் அமெரிக்கா விதி போட்டது: விபத்து நேரத்திலும் குழாய் 1204 பாகையைத் தாண்டக்கூடாது, சுவரில் 17 வீதத்துக்கு மேல் ஒட்சைட்டாகக்கூடாது.

1850 பாகை வரை உருகாத உலோகம், 300 சொச்சப் பாகையில் ஒழுங்காக ஓடும் உலையிலும் கீறல் விடுகிறதாமே, ஏன் சேர்?
– உயர்தர மாணவன், கிளிநொச்சி

நல்ல கேள்வி. எல்லாரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். இந்தக் கீறலுக்குப் பிடித்ததோ குளிர்ச்சி.

குழாயின் சுவர் ஒரு மில்லிமீற்றரே இல்லை, பலவற்றில் 0.6 அளவுதான். வெளியே தண்ணீர்ப் பக்கம் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் மெதுவாக வளரும். இரும்புக் கறள் போல உதிராது, ஒட்டிக்கொண்டு காக்கும். சரி, அப்போது பிரியும் ஐதரசன் எங்கே போகும்? ஒரு பகுதி உலோகத்துக்குள்ளேயே புகுந்துவிடும். சூடாக இருக்கும்வரை அதில் கணிசமானது கரைந்து கிடக்கும். உலை ஆறும்போது கரைய இடமின்றி, உலோகத்தோடு சேர்ந்து ஐதரைட்டு என்ற சேர்வையின் தகடுகளாகப் படியும். அவை எளிதில் உடையும். ஒரு கீறலின் நுனியில் இழுவிசை இருந்தால் ஐதரசன் அங்கே நகர்ந்து சேர்ந்து, ஐதரைட்டாகி உடைந்து, மறுபடி சேர்ந்து என்று கீறல் படிப்படியாக நீளும்.

1983 ஆகஸ்ட் 1 இல் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில், இதே உலோகத்தில் செய்த அழுத்தக் குழாய் (எரிபொருளையும் சூடான நீரையும் உள்ளே வைத்திருக்கும் பெரிய குழாய்) ஒன்று ஏறத்தாழ 2 மீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. குழாயைத் தாங்கும் வளையங்கள் இடம் பெயர, அது தொய்ந்து வெளிக் குளிர்க்குழாயைத் தொட்டது. தொட்ட இடம் குளிர்ந்தது. ஐதரசன் அங்கே கூடிக் கொப்புளம் கட்டியது. படம் கீறிப் பார், தம்பி, விளங்கும்.

உள்பக்கத்திலும் கீறல் வரும். வலுவைத் திடீரென்று கூட்டினால் வில்லைகள் விரிந்து சுவரை நெரிக்கும். பிளவில் பிறந்த அயடீன் அந்த இடத்தை அரிக்கும். அதனால்தான் இயக்குபவர்கள் வலுவைப் பையப் பையக் கூட்டுகிறார்கள்.

கூடங்குளத்திலும் இதே குழாயா?
– வாசகர், மன்னார்

ஓம். அங்கே 1 வீதம் நயோபியம் என்ற உலோகம் கலந்த ரஷ்ய வகை. ஐதரசனை ஒட்சிசனோடு சேர்த்துத் தண்ணீராக்கும் ஊக்கிப் பெட்டிகளைக் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள்; அவை வேலைசெய்ய மின்சாரம் தேவையில்லை.