இரண்டே ஆண்டில் நர்ஸ் ஆகலாமா? கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: எனக்கு 34 வயது. மதுரையில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்து 2011இல் பட்டம் பெற்றேன். கணவரின் வேலைக்காக கலிஃபோர்னியாவுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு எச்-4 விசா, அதாவது வேலைக்கு வந்தவரின் துணைவருக்கான விசா. கிரீன் கார்டுக்கான அவருடைய ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் அரசுக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தால் பதிவு பெற்ற நர்ஸ், அதாவது ஆர்.என்., ஆகிவிடலாம் என்கிறார்கள். உண்மையா? என் பட்டம் உதவுமா? நான்கு ஆண்டு படித்த நர்ஸ்களுக்கு முன்னால் இந்தப் படிப்பு மட்டமாகத் தெரியாதா?

பதில்: இதை இரண்டு ஆண்டுப் படிப்பு என்று சொல்வது, தாலி கட்டும் நேரத்தை மட்டும் கல்யாணம் என்று கணக்கிடுவதைப் போன்றது. நர்சிங் பாடங்கள் நான்கு செமஸ்டர்தான். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றையும் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் வேண்டும். கல்லூரியைப் பொறுத்து உளவியல், புள்ளியியல் போன்றவையும் சேரும். உடற்கூறியல் முடிந்த பிறகே உடலியங்கியலில் சேர விடும் கல்லூரிகள் பல. எனவே எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது. வீட்டையும் கவனித்துக்கொண்டு படிப்பவருக்கு இதற்கே ஒன்றரை ஆண்டு பிடிக்கும். அதன்பின் இடத்துக்கான காத்திருப்பு. மொத்தம் நான்கு ஆண்டு என்று மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

மட்டமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இந்தப் படிப்பு குறுக்குவழியாகப் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நர்ஸ் பற்றாக்குறைக் காலத்தில், மில்ட்ரெட் மான்டாக் 1951இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த திட்டம் இது; அடுத்த ஆண்டே சோதனை முயற்சி தொடங்கியது. இங்கே படித்தவரும் நான்கு ஆண்டு படித்தவரும் எழுதுவது என்கிளெக்ஸ்-ஆர்.என். என்னும் ஒரே உரிமத் தேர்வு, கிடைப்பது ஒரே உரிமம். நர்சிங் பட்டதாரிகளைத்தான் எடுப்போம் என்னும் பெரிய மருத்துவமனைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்துகொண்டே இணையவழியில் ஓரிரு ஆண்டில் பி.எஸ்.என். என்னும் நர்சிங் இளநிலைப் பட்டத்தை முடித்துவிடலாம். நியூயார்க்கில் உரிமம் பெற்ற பத்து ஆண்டுக்குள் அதை முடித்தாக வேண்டும் என்று 2017இல் சட்டமே போட்டார்கள். கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

உண்மையான போட்டி என்கிளெக்ஸில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. இடங்களைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு வரும். சில கல்லூரிகள் குலுக்கல் நடத்துகின்றன. பல கல்லூரிகள் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகின்றன. ‘சி’ வாங்கினால் விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்லும். அந்த ‘சி’யோடு புள்ளிப் போட்டியில் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு பாடத்தை இரண்டாம் முறை எடுத்தால் அதையும் கணக்கில் வைக்கும் கல்லூரிகள் உண்டு. ஆகவே, ‘இந்த முறை பார்ப்போம், போனால் மறுபடி எடுப்போம்’ என்ற நம் ஊர் அரியர் மனநிலையை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டத்துக்கு வருகிறேன். நுண்ணுயிரியலையே மூன்று ஆண்டு படித்தவரை மறுபடி நுண்ணுயிரியல் வகுப்பில் உட்காரச் சொன்னால் எரிச்சல் வரும். ஆனால் அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்ற விதி பல கல்லூரிகளில் இருக்கிறது. நீங்கள் பட்டம் பெற்றது 2011இல். என் யோசனை, மல்லுக்கட்டாமல் மறுபடி எடுங்கள். தெரிந்த பாடத்தில் ‘ஏ’ வாங்குவது எளிது. அந்த ‘ஏ’ புள்ளியாக மாறும்.

பட்டம் அதனால் வீண் என்று ஆகிவிடாது. புள்ளி முறைக்குக் கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டம் வகுத்திருக்கும் அளவுகோல்களில் ஏற்கெனவே பெற்ற பட்டமும் ஒன்று. சான்றிதழ்களை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் பாடவாரியாக மதிப்பிடச் சொல்லுங்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று, ஆங்கிலம் அல்லாத மொழித் திறனுக்கும் புள்ளி உண்டு. அந்தச் சட்டம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் மொழிகளில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளும் இருக்கின்றன. தமிழுக்கு எப்படிச் சான்று காட்ட வேண்டும் என்று கல்லூரியில் கேட்கத் தயங்காதீர்கள். டீஸ் எனப்படும் நுழைவுத் தேர்வும் உண்டு: 170 கேள்விகள், குறைந்தபட்சத் தேர்ச்சி 62 சதவீதம். உங்களுக்கு அதில் அறிவியல் பகுதி சிரமமாக இராது. ஆங்கில வாசிப்புப் பகுதிக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

பணம். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள்; மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். ஐந்து யூனிட் உடற்கூறியல் 230 டாலரில் முடிந்துவிடும். வெளியாள் என்று முத்திரை விழுந்தால் யூனிட்டுக்குப் பெரும்பாலும் 300 டாலருக்கும் மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்ததற்கான சான்றுகளைக் காட்டினால் எச்-4 விசாக்காரரும் மாநிலவாசியாகலாம். கூட்டரசின் பெல் உதவித்தொகை கிடைக்காது. எச்-4 அதற்குத் தகுதி அல்ல. பின்னாளில் கிரீன் கார்டு வந்தாலும், வெளிநாட்டில் வாங்கியதானாலும் இளநிலைப் பட்டம் குறுக்கே நிற்கும். பட்டம் இருக்கிறதே, ஓராண்டுச் சொச்சத்தில் முடியும் துரித பி.எஸ்.என். சேரலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். முன்தேவைப் பாடங்களோ அங்கும் வேண்டும். உங்கள் நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எச்-4 விசாவில் படிக்கத் தடை இல்லை. வேலைக்குத்தான் அனுமதி அட்டை வேண்டும். ஐ-140 ஒப்புதலாகிவிட்டதால் நீங்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். இப்போதே செய்துவிடுங்கள். அந்த அட்டை வந்தால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் வாங்கலாம்; அது கையில் இருந்தால், மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் நடக்கும் பின்னணிச் சோதனையிலும் தொல்லை குறையும்.

அந்தச் சோதனையோடு தடுப்பூசி விவரங்களும் கேட்பார்கள். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டையைத் தேடி ஊரில் அம்மாவைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். காசநோய்ச் சோதனையில் மட்டும் கவனம் தேவை. பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியால், தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நமக்கு வீங்கிக் காட்டக்கூடும். உடனே மார்பு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைக்கழிப்பார்கள். காசநோய்க்கான ரத்தச் சோதனையை பி.சி.ஜி. குழப்புவதில்லை. முதலிலேயே அதைக் கேளுங்கள். நான் கேட்காமல் இரண்டு வாரம் அலைந்தேன்.

சேர்ந்த பிறகு நம்மவர்களைத் தடுக்கி விழவைப்பது பாடத்தின் அளவல்ல, கேள்வியின் தன்மை. நான்கு நோயாளிகள்: அறுவைசிகிச்சை முடிந்து வலி தாங்காமல் மணி அடிப்பவர், வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டவர், காலையில் தெளிவாகப் பேசி இப்போது பேச்சுக் குழறுபவர். யாரை முதலில் பார்ப்பீர்கள்? மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. மணி அடிப்பவரிடம் ஓடினால் மதிப்பெண் போயிற்று. பேச்சுக் குழறுபவருக்குப் பக்கவாதம் தொடங்கியிருக்கலாம். தேர்ச்சிக்குப் பெரும்பாலும் 75 சதவீதம் வேண்டும். மருந்தியல் முதல் தேர்வில் 71 வாங்கிவிட்டுக் காரில் உட்கார்ந்து அழுதவள் நான். என்கிளெக்ஸிலும் இதே பாணிதான்: குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். உங்கள் விடையைப் பார்த்தே கணினி அடுத்த கேள்வியை எடுக்கும்.

மருத்துவமனைப் பயிற்சி நாள்களில் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் வரும். அன்று பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது யார் என்பதைச் சேர்வதற்கு முன்பே கணவரோடு பேசி முடியுங்கள்.

‘காத்திருக்க வேண்டாம், உடனே இடம்’ என்று அழைக்கும் தனியார் பள்ளிகள் கண்ணில் படும். ஃபுளோரிடாவில் மூன்று பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்களை விற்றது 2023 ஜனவரியில் வெளிவந்தது. எந்தப் பள்ளியானாலும் மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்த செமஸ்டர் பதிவு தொடங்குவதற்கு முன் கல்லூரியின் நர்சிங் ஆலோசகரைச் சந்தித்து, குலுக்கலா புள்ளியா, அறிவியல் பாடங்களுக்கு எத்தனை ஆண்டு வரம்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்றிலும் இதையே கேளுங்கள். ஒரே இடத்தை நம்பி உட்கார வேண்டியதில்லை. உடற்கூறியல் வகுப்பு சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.