ஆன்லைன் ஏலத்தில் பழைய ராணுவ ரைஃபிள் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். முதல் உலகப்போர் காலத்து ரைஃபிள் ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் எடுக்க ஆசை, ஏமாறாமல் எப்படி வாங்குவது என்கிறார். நான் பதினோரு வருடமாக லீ-என்ஃபீல்ட் என்கிற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்களை மட்டும் சேர்த்து வருகிறேன், அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சட்டம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் அமெரிக்க மத்திய சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு, ஆனாலும் கிரீன் கார்டு வந்த பிறகு ஆரம்பிப்பதே நிம்மதி. ஏலத்தில் எடுத்த துப்பாக்கி நேராக வீட்டுக்கு வராது. உரிமம் உள்ள உள்ளூர்க் கடைக்கு வரும், அங்கே படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். 50 வருடம் கடந்த துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்றே 'கியூரியோ அண்ட் ரெலிக்' உரிமம் ஒன்று இருக்கிறது, 3 வருடத்துக்கு 30 டாலர்தான். அது இருந்து, உங்கள் மாநிலச் சட்டமும் அனுமதித்தால் வீட்டுக்கே அனுப்பச் சொல்லலாம், ஆனால் வாங்கியது விற்றது அத்தனையையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

சரி, ரைஃபிளுக்கு வருவோம். விற்பவர் எழுதும் கதையைப் படிக்காதீர்கள், படங்களைப் பாருங்கள். "தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது" என்பதற்கெல்லாம் ஒரு டாலர்கூட கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நான் இரண்டாவதாக வாங்கிய துப்பாக்கி, 1916 என்று பொறித்த மார்க் 3 ஸ்டார் என்கிற லீ-என்ஃபீல்ட் வகை. தூரத்திலிருந்து எடுத்த நான்கே படங்கள், பார்க்க அழகாக இருந்தது, 900 டாலர் கொடுத்தேன். வந்த பிறகு மரக்கட்டையைப் பேரலோடு (குழலோடு) பிடித்திருக்கும் நடு வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் முன்கட்டை ஒட்டுப் போடப்பட்டிருந்தது. யாரோ ஒரு காலத்தில் வேட்டைக்காகக் கட்டையை வெட்டியிருக்கிறார்கள், பிறகு வேறொரு துண்டை ஒட்டி, ஒட்டு தெரியாமல் வளையத்துக்குள் மறைத்துவிட்டார்கள். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்டின் எண்ணும் ரைஃபிளின் எண்ணும் வேறு வேறு. விளம்பரத்தில் "திருப்பி வாங்க மாட்டோம்" என்று இருந்ததால் கேட்கவும் வழியில்லை, பல நாள் அதைப் பார்க்கவே மனசு வரவில்லை.

அன்றிலிருந்து ஏலம் கேட்பதற்கு முன்னாலேயே படங்கள் கேட்டு எழுதிவிடுகிறேன். ரிசீவர் (போல்ட் உட்காரும் நடு உடல்), பேரல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், முன்நுனியில் உள்ள மூக்கு மூடி, குறிபார்க்கும் பின் குறிப்பானின் அடிப்பக்கம், முன்கட்டையின் நுனி, இத்தனை இடத்திலும் சீரியல் எண் இருக்கும், எல்லாம் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பேரலுக்குள் விளக்கடித்து ஒரு படமும் வளையத்தை நகர்த்தி ஒரு படமும் அவசியம். இதற்குச் சலித்துக்கொள்கிற ஆளிடம் நான் வாங்குவதில்லை. எண் பொருந்தாத போல்ட் விலையை மட்டும் குறைப்பதில்லை, துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு கன்ஸ்மித் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, அளந்து பார்க்காமல் அதில் சுடவே கூடாது.

முத்திரைகளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார், ஆனால் அவருடைய 'வி.ஆர்.' முத்திரைக்குக் கீழே 1908 என்று ஆண்டு போட்ட மார்ட்டினி-ஹென்றிகள் (லீ-என்ஃபீல்டுக்கு முந்தைய பிரிட்டிஷ் ரைஃபிள்கள்) இன்னும் ஏலத்துக்கு வருகின்றன. அவை கைபர் கணவாய்ப் பட்டறைகளில் கையால் செய்த நகல்கள், சிலவற்றில் ஆங்கில 'என்' எழுத்தே திரும்பி இருக்கும். அவற்றைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் பிரிட்டிஷ் துப்பாக்கி விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல் முடிந்துபோன ஏலங்களில் போன தொகையைத் தேடுங்கள். கன்புரோக்கர் என்கிற துப்பாக்கி ஏலத் தளத்தில் கடைசி நிமிடத்தில் பாய்ந்து எடுக்கிற வித்தை எடுபடாது, கடைசி 15 நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் நீண்டுகொண்டே போகும். உங்கள் உச்சத் தொகையை முன்பே எழுதி வைத்துவிட்டு அதோடு நிறுத்திவிடுங்கள். பெரிய ஏல நிறுவனங்களில் வாங்குபவர் கமிஷன் தனி, அப்புறம் அனுப்பும் செலவு, கடைக்காரர் கட்டணம், எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் அந்த உச்சத்தையே முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தவை வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தவை. விடுதலைக்கு முன் கிரீடமும் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் 'ஜி.ஆர்.ஐ.' எழுத்தும், பின்னால் ஆலையின் பெயரான 'ஆர்.எஃப்.ஐ.'யும் இருக்கும், நாடு கைமாறியதை ஒரே ஆலையின் இரும்பில் பார்க்கலாம். 1960களில் அங்கே செய்த 7.62 மி.மீ. '2ஏ' ரைஃபிளைப் பழைய .303 அங்குலத் துளை ரைஃபிளைத் துளை மாற்றியது என்று பலர் தப்பாக எழுதி விற்கிறார்கள். அது உறுதியான எஃகில் புதிதாகவே செய்தது. இந்திய ரைஃபிள்கள் பலவற்றில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு இருக்கும், கட்டை பிளக்காமல் இருக்க ராணுவப் பட்டறையிலேயே போட்டது. அசிங்கமாக இருக்கிறதென்று அதைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிடாதீர்கள், கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். மங்கிய முத்திரைகள் அந்தத் தேய்ப்பில்தான் போய்விடுகின்றன.