தீயில் எரிந்து திரும்பக் கட்டிய நாடக அரங்கைப் பார்க்கப் போவது வீண்தானா?

“வெனிஸில் உள்ள லா ஃபெனிச்சே அரங்கம் 2003-இல் கட்டிய நகல்தானே, டிக்கெட் வாங்கிப் படமெடுக்க அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். ‘நகல்’ என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் சுற்றுலாக் குழுவில் ஒருவர் இதையே சொல்லி வாசலோடு திரும்பிவிட்டார். நானும் மனைவியும் உள்ளே போனோம்.

1792-இல் திறந்த அரங்கம் அது. 1836-இல் எரிந்தது, மறு ஆண்டே எழுந்தது. 1996 ஜனவரி 29 இரவு மறுபடி எரிந்தது. வேலை தாமதமானால் அபராதம் கட்ட வேண்டுமே என்று அங்கே வேலை பார்த்த இரண்டு மின்பணியாளர்களே தீ வைத்தார்கள் என்று நீதிமன்றம் தண்டித்தது. தூர்வாருவதற்காகப் பக்கத்துக் கால்வாயை வற்றவைத்திருந்ததால் தீயணைப்புப் படகுகள் நெருங்க முடியவில்லை. வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின.

‘இருந்தபடியே, இருந்த இடத்திலேயே’ கட்டுவது என்று ஊர் முடிவெடுத்தது. எதை வைத்துக் கட்டினார்கள்? பழைய புகைப்படங்களையும் வைத்துத்தான். இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி 1954-இல் எடுத்த ‘சென்சோ’ படத்தின் தொடக்கக் காட்சி அந்த அரங்கிற்குள் எடுத்தது. அதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து அலங்காரங்களை மீட்டார்கள். அங்கே போய்ப் படமெடுப்பதில் என்ன பொருள் என்று கேட்கிறீர்களே!

உள்ளே ஐந்து அடுக்குகளாகப் பாக்ஸ்கள், அதாவது சிலர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் தனித்தனிச் சிற்றறைகள். பிளாஷ் கூடாது, வெளிச்சமும் குறைவு. பாக்ஸின் வெல்வெட் விளிம்பில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். எதிர்ப்பக்கத்து முகப்பை லென்ஸில் கிட்டே இழுத்தபோது, பொன்தகடு ஒட்டிய ஓர் இலைக்கொடியின் வளைவில் மெல்லிய மடிப்பு ஒன்று தெரிந்தது. யாரோ ஒருவர் விரலால் அழுத்தி ஒட்டிய இடம் அது. என் மனைவி கேமராவை வாங்கி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன் கொஞ்சம் அதிகமாகவே மின்னுகிறது என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். கட்டடக்கலை படித்தவர்கள் வேறு குறைகளும் சொல்லக்கூடும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 1836-க்குப் பிறகு எழுந்ததைப் பழமை என்று கும்பிட்டுவிட்டு, 2003-இல் எழுந்ததை மட்டும் போலி என்பது எந்த நியாயம்? அரங்கின் பெயருக்கே பீனிக்ஸ் பறவை என்றுதான் பொருள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்களை அழைத்துப்போன பயண நிறுவனம் வெனிஸுக்கு ஒதுக்கியதே அரைநாள். அதில் இரண்டு மணி நேரத்தைக் கண்ணாடிப் பொருள் கடையில் தின்றார்கள். யாரும் கேட்காத கடை அது! பணம் கட்டும் முன் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரங்கில் ஒத்திகை நடந்தால் உள்ளே விடாமலும் போகலாம். முதல் நாளே கேட்டுவிடுங்கள். மேடையை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். மேடைக்கு முதுகைக் காட்டி நின்று பாக்ஸ்களை எடுங்கள், கூரையின் ஓரங்களை எடுங்கள், கதவுக் கைப்பிடியைக்கூட எடுங்கள்.